லாச்சிக்குள் கிடந்த கடிதங்கள்

லண்டனுக்கு வந்த முதல் ஒன்றரை வருடத்தில் எங்கள் மேசை லாச்சிக்குள் ஆங்கிலக் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. உள்துறை அமைச்சின் கடிதம் என்றால் கை நடுங்க நடுங்க உடனே பிரிப்போம். மற்றவை லாச்சிக்குள் போகும். அவற்றில் ஏழெட்டு, எங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வரும்படி ஜி.பி. கிளினிக்கில் இருந்து வந்தவை. அவை என்ன கடிதங்கள் என்று எங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துகொண்டுதான் லாச்சியை மூடினோம்.

இந்த மண்ணுக்குப் புதிதாக வந்திருக்கும் எம்மவர் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அந்தக் கதையை இங்கே எழுதுகிறோம். எங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதில் அதிகம் இல்லை.

எங்கள் மூத்தவன் 2006 ஜூனில் கிளிநொச்சியில் பிறந்தவன். ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து ஊசி போட்டோம். பிறகு கடும் காய்ச்சலோடு அவனுக்கு முதல் வலி வந்தது. கண் மேலே செருகி, கை கால் இழுத்து, வாயால் நுரை தள்ளியது. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தோம். "ஊசி போட்ட அண்டிரவே பிள்ளைக்கு வலி வந்தது" என்று அம்மம்மா சொல்லுவா. அயலட்டை அதையே சொல்லும். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். அதற்குப் பிறகு அவனுக்கு ஊசியே போடவில்லை. காய்ச்சல் இல்லாத நாட்களிலும் வலி வரத் தொடங்கியது. 2009 இல் எல்லாம் முடிந்து முகாமுக்கு வந்த பிறகுதான் வவுனியாவில் டொக்டர்மார் பார்த்துக் குளிசை தந்தார்கள். குளிசையோடு வலி அடங்கியது.

2011 நடுப்பகுதியில் நாங்கள் லண்டன் வந்து சேர்ந்தபோது, வழியில் கழிந்த மாதங்களில் அந்தக் குளிசைகள் முடிந்துவிட்டிருந்தன. இரவுகளில் வலி திரும்பவும் வரத் தொடங்கியது. செப்டெம்பரில் ஜி.பி.யிடம் போனோம். அவர் நல்லவர். மேசையில் இருந்த தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார். பேசியவர் தமிழ்நாட்டுக்காரர், மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"பிள்ளைக்கு இரவில வலி வாறது" என்றோம்.

"எங்கெங்கே வலிக்குதுங்க?" என்று கேட்டார்.

உடம்பின் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். "கை, கால், முழு உடம்பும்" என்றோம்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"இரண்டு மூன்று நிமிசம். பிறகு நித்திரையாய்ப் போயிடுவான்."

வளரும் பிள்ளைகளுக்கு இரவில் கை கால் உளைவது வழமைதான் என்று டொக்டர் ஆறுதல் சொல்லிக் கல்போல் பாணி எழுதித் தந்தார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். இங்கே வலிக்குக் கொடுக்கும் மருந்து இதுதானாக்கும் என்று நினைத்து நான்கு மாதம் அதைக் கொடுத்தோம்.

எங்கள் ஊரில் உடம்பு நொந்தால் "நோகுது" என்போம். "வலி" என்றால் அது வலிப்பு. அந்த அறையில் இருந்த மூவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள் இருந்தது. அந்த ஒரு சொல்லால் எங்கள் பிள்ளை நான்கு மாதம் மருந்தில்லாமல் வலிப்போடு படுத்தெழும்பினான். 2012 ஜனவரியில் வகுப்பறையில் விழுந்தான். பள்ளிக்கூடத்தில் அம்புலன்ஸை அழைத்தார்கள். அன்றுதான் "எபிலெப்சி" என்ற சொல்லை முதன்முதலாகக் காதால் கேட்டோம். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வலிப்பு நோய் பணக்காரன் ஏழை பார்த்து வருவதில்லை என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 80 வீதமானோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். ஒழுங்காகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 வீதம் வரையானோர் வலிப்பே வராமல் வாழலாம். ஆனால் மிக வறிய நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு அந்த மருந்து கிடைப்பதில்லை. எங்கள் பிள்ளையோ மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டுக்கு வந்து, டொக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தும் மருந்து கிடைக்காதவன்.

அந்த ஆஸ்பத்திரியில் தடுப்பூசி எல்லாம் போட்டதா என்று கேட்டார்கள். "எல்லாம் போட்டது" என்றோம். ஊசியால்தான் இந்த நோய் வந்தது என்று சொன்னால் பட்டிக்காட்டார் என்று நினைப்பார்களோ என்று வெட்கம். இல்லை என்றால் வற்புறுத்திப் போட்டுவிடுவார்களோ என்று பயம். இரண்டுக்கும் ஒரே பொய் போதுமாக இருந்தது.

2012 ஜூனில் எங்கள் மகள் பிறந்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கு முதல் ஊசி. அம்மம்மா தொலைபேசியில் அழுதா. "ஒரு பிள்ளையை அந்த ஊசிக்குக் குடுத்தது காணும், பிள்ளை. மற்றதையாவது காப்பாத்துங்கோ" என்றா. வீட்டுக்கு வந்த சுகாதாரத் தாதிக்குத் தலையாட்டி அனுப்பினோம். கடிதங்கள் லாச்சிக்குள் போயின.

அந்த வருடம் இங்கிலாந்தில் குக்கல் பெருமளவில் பரவியது. கக்குவான் இருமல் என்று சொல்வோமே, அதுதான். பச்சைக் குழந்தைகள் இறந்த காரணத்தால் 2012 ஒக்டோபரில் இருந்து கர்ப்பிணித் தாய்மாருக்கே அந்த ஊசியைப் போடத் தொடங்கினார்கள். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி பிறக்கப்போகும் குழந்தைக்குப் போகும்; முதல் ஊசி போடும்வரை அது காக்கும். எங்கள் மகள் அதற்கு முன்னரே பிறந்துவிட்டாள்.

அந்த ஒக்டோபரில் மூத்தவனுக்கு இருமல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிடித்திருக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட முக்கூட்டு ஊசிகளோடு நாங்கள் நிறுத்திவிட்டோம். பிறகு போடவேண்டிய ஊக்க ஊசிகளை அவன் காணவே இல்லை. குக்கல் இருமலை அறிந்தவர்களுக்குத் தெரியும்: இருமி இருமிக் கடைசியில் சத்தி எடுக்கும். காலையில் கொடுத்த வலிப்பு மருந்தைச் சத்தி எடுத்தான். பின்னேரம் கொடுத்ததையும் எடுத்தான். இரவில் நித்திரையும் இல்லை. மருந்து உடம்பில் நிற்காததும் நித்திரை கெட்டதும் வலிப்பை வா வா என்று அழைக்கிற காரியங்கள். ஐந்தாம் நாள் ஒரே இரவில் இரண்டு தரம் வலி வந்தது. எந்த வலி வரக்கூடாது என்று ஊசியை ஒளித்தோமோ, அந்த வலியை ஊசி தடுத்திருக்கக்கூடிய ஒரு நோய் எங்கள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வலி அடங்கிய கையோடு தொட்டிலைப் பார்த்தோம். நாலு மாதக் குழந்தை. இருமக்கூட அதற்குச் சக்தி இல்லை. மூச்சை நிறுத்தி நிறுத்தி எடுத்தது. உதடு நீலம்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் ஒக்சிசனோடு கிடந்தாள். பிழைத்துவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். எல்லாப் பெற்றோருக்கும் அப்படிச் சொல்லக் கிடைப்பதில்லை. 2024 இல் குக்கல் இங்கிலாந்தில் மறுபடியும் பரவியபோது 14,000 பேருக்கு மேல் நோய் உறுதியானது; 11 கைக்குழந்தைகள் இறந்தன.

அங்கே எங்களுக்கு நேரில் வந்து மொழிபெயர்க்க ஒரு அம்மாவை ஒழுங்கு செய்தார்கள். பருத்தித்துறைப் பக்கத்தவா. "தங்கச்சி, இவை உங்களைப் பேச வரேல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ" என்றா. எங்கள் பேச்சுத் தமிழைக் கேட்டதும் தொண்டை அடைத்தது. மூத்தவனைப் பார்க்கும் நரம்பியல் டொக்டரும் அப்போது வந்திருந்தார். பொய்யை விட்டு முதன்முதலாக உண்மையைச் சொன்னோம்: ஊசி போட்ட அன்றிரவே வலி வந்தது, அதனால்தான் போடவில்லை.

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "அந்த ஊசித் துண்டு உங்களிடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கிளிநொச்சி கிளினிக்கில் தந்த பிள்ளையின் வளர்ச்சி அட்டை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அடையாள அட்டைகளோடு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்த பொருள். நகை போனது, உறுதி போனது, அது போகவில்லை. முதல் வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த துண்டும் அதோடு குத்தியிருந்தது. அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். டொக்டர் இரண்டு திகதிகளை எங்களுக்குக் காட்டினார். சின்னமுத்து ஊசி: 2007 மார்ச் 6. வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தது: 2007 மார்ச் 29.

இருபத்துமூன்று நாட்கள்.

ஐந்து வருடமாக அந்த அட்டையைச் சுமந்து திரிந்தோம், ஒரு நாளும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. சின்னமுத்து ஊசியால் காய்ச்சல் வருவதானால் பெரும்பாலும் ஆறு முதல் பதினொரு நாட்களுக்குள் வரும் என்றார் அவர். எங்கள் பிள்ளைக்கு மூன்று வாரம் கழித்து வந்தது வேறு காய்ச்சல். நாங்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி, இருபத்துமூன்று நாள் ஒரு இரவாகச் சுருங்கிவிட்டது.

இப்படி நினைத்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்றும் சொன்னார். 1974 இல் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரி டொக்டர்மார், குக்கல் ஊசிக்குப் பிறகு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த 36 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. ஊசி போடும் பிள்ளைகள் 80 வீதமளவில் இருந்து 30 வீதமளவுக்கு இறங்கினார்கள். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் இரண்டு பெரிய பரவல்கள் வந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் குக்கல் பிடித்தது. 1988 இல் வழக்கு ஒன்றை நீண்ட காலம் விசாரித்த நீதிபதி, ஊசியால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றார். 2006 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்தார்கள். 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. டிராவே என்ற கடுமையான வலிப்பு நோயைத் தருவது அது. ஊசிக் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முந்திக் கொண்டுவரலாம். நோய் பிறக்கும்போதே உள்ளே இருந்தது. பல வலிப்பு நோய்கள் தொடங்கும் வயதும், பிள்ளைகளுக்கு ஊசி போடும் வயதும் ஒன்றுதான். அதனால் ஒன்றின் பின்னால் மற்றது வருவது கண்ணுக்குப் படுகிறது.

ஆனால் ஊசியால் ஒன்றுமே வராது என்று நாங்கள் எழுத மாட்டோம். அந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். சின்னமுத்து நோயே வந்தால் அந்த ஆபத்து ஐந்து மடங்கு. அத்தோடு, ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையிலேயே அழற்சி வரும். 1976 இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் அளவில் கூடுதலாகக் கியான்-பரே என்ற நரம்புத் தளர்ச்சி நோய் வந்தது; அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இவற்றை மறைத்துச் சொன்னால் எம்மவர் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

மகளுக்குச் சுகமானதும் இருவருக்கும் தவறிய ஊசிகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். மூத்தவனுக்கு எம்.எம்.ஆர். போடும் முன்பு அவனுடைய மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, வலி வந்தால் எப்படிச் சரித்துப் படுக்க வைப்பது, ஐந்து நிமிசத்துக்கு மேல் போனால் 999 ஐ அழைப்பது என்று எழுதித் தந்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. அன்றிரவு ஒரு வலியும் வந்தது. நாங்கள் இருவரும் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தோம். இரண்டு நிமிசம். நின்றுவிட்டது. காலையில் எழும்பிப் பாணும் முட்டையும் கேட்டான்.

அம்மம்மாவுக்குச் சொன்னோம். "பாத்தியளே!" என்றா. நியாயமான கேள்விதான். இரண்டாவது ஊசி போடும் நாள் வந்தபோது எங்களுக்கும் கால் பின்வாங்கியது. குக்கலின்போது ஒரே இரவில் வந்த இரண்டு வலியையும் தொட்டிலில் கண்ட நீல உதட்டையும் ஒரு பக்கம் வைத்தோம். இந்த இரண்டு நிமிசத்தை மற்றப் பக்கம் வைத்தோம். போனோம். அந்த முறை ஒன்றும் வரவில்லை.

எங்களில் ஒருவருக்கு இன்னொரு வெட்கமும் இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஊரில் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகவே சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கோயில் மடத்தில் இருந்து பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தவர் அவர். ஷெல் சத்தம் ஓய்ந்த அந்தச் சில மணி நேரத்தில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவார்களாம். 1993 க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. போருக்குள் வரிசையில் நின்ற சனம் நாங்கள். பஸ் வசதி உள்ள ஊரில் வந்து கடிதத்தை ஒளித்தோம்.

2021 இல் கொரோனா ஊசி வந்தபோது, எங்கள் தெருவில் பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்த ஐயா ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் நீண்டகால நரம்பு நோய் உள்ளவர்களை ஆறாவது முன்னுரிமைப் பிரிவில் சேர்த்து, மற்றவர்களுக்கு முந்தி அழைத்தார்கள். ஐயாவுக்கு அழைப்பே வரவில்லை. மூன்று தரம் வீடு மாறியவர். கடிதம் எந்த வீட்டு வாசலில் கிடந்ததோ. கைத்தொலைபேசியில் மட்டும் ஊசியைப் பற்றிய குரல் செய்திகள் நாளுக்குப் பத்து வந்தன. "வாதம் வந்த உடம்பு இதைத் தாங்குமோ, தம்பி?" என்று கேட்டார். நாங்கள் டொக்டர் இல்லை. அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைகிறது என்ற செய்தியையும் மறைக்கவில்லை. விலாசத்தைத் திருத்தி, மொழிபெயர்ப்பாளரோடு ஜி.பி.யிடம் பேச ஒழுங்கு செய்தோம். அவர் தன் கேள்விகளைத் தானே கேட்டார். இரண்டு நாள் யோசித்தார். போய்ப் போட்டுக்கொண்டார்.

புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இருந்து சில விடயங்கள்.

ஜி.பி.யிடம் பதிவதற்கு விசாப் பத்திரமோ விலாச அத்தாட்சியோ கட்டாயம் இல்லை. வீடு மாறினால் முதலில் அங்கே அறிவியுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம். "இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும்" என்று கேளுங்கள். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். வலிப்பு என்றால் "எபிலெப்சி" அல்லது "ஃபிற்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லையே சொல்லுங்கள். முடிந்தால் வலி வரும்போது தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை. அதற்கான அட்டைக்கு ஜி.பி.யிடம் விண்ணப்பியுங்கள். வாகனம் ஓட்டுபவர்கள் சாரதி அனுமதி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதியைப் பறிப்பார்கள் என்ற பயத்தில் நோயையே மறைப்பவர்கள் எம்மவர் மத்தியில் இருக்கிறார்கள். பெரும்பாலும் 12 மாதம் வலிப்பு வராமல் இருந்தால் திரும்ப ஓட்டலாம். மறைத்து ஓட்டி ஒரு பிள்ளையை மோதினால் எதையும் திரும்பப் பெற முடியாது.

குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு இருக்கிறது என்பது ஊசியைத் தவிர்க்கக் காரணம் அல்ல. கட்டுப்பாட்டில் உள்ள வலிப்பு நோயும் காரணம் அல்ல. நோய் இன்னும் என்னவென்று பிடிபடாமல், கூடிக்கொண்டு போகிற பிள்ளைக்குச் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். கியான்-பரே வந்தவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், உதாரணமாக எம்.எஸ். நோய்க்குச் சில மருந்துகள் எடுப்பவர்களும், ஊசிக்கு முன்பு தங்கள் டொக்டரைக் கட்டாயம் கேட்க வேண்டும். உயிருள்ள கிருமியில் செய்த ஊசிகள் சிலருக்கு ஆகாது. பயம் இருந்தால் பயத்தைச் சொல்லுங்கள். எங்களைப் போல் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

மூத்தவன் இப்போது இருபது வயதை நெருங்குகிறான். பல வருடமாக வலி இல்லை. மருந்து மட்டும் தொடர்கிறது. பெரியவர்களுக்கான கிளினிக்குக்கு மாறும்போது தன்னுடைய பழைய பதிவுகளைக் கேட்டான். அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தோம். தமிழ் எழுத்துக் கூட்டி வாசித்து, இரண்டு திகதிகளையும் பார்த்தான்.

"இதை நீங்கள் ஏன் முதலே பார்க்கேல்லை?" என்று கேட்டான்.

பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிள்ளைக்கு ஏன் இப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில், குற்றம் சொல்ல எங்களுக்கு ஒன்று தேவைப்பட்டது என்றோம். ஊசி கையில் கிடைத்தது. அதை விட்டால் எங்களைத்தான் நாங்கள் குற்றம் சொல்லியிருப்போம். இரண்டும் பிழை என்று விளங்க எங்கள் மகள் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருந்தது.

அவன் அட்டையை அதே சொப்பிங் பையில் சுற்றி லாச்சிக்குள் வைத்தான். இப்போது அந்த லாச்சிக்குள் பிரிக்காத கடிதம் ஒன்றும் இல்லை. உங்கள் லாச்சியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பிரியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.